இன்சூரன்ஸ் பாலிசியில் பெயர் மாற்ற ஏன் பணம் கேட்கிறார்கள்?

திருப்பூரிலிருந்து கேட்டிருக்கும் நண்பரின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். வண்டி கைமாறிப் பத்து நாள் ஆகிறது. ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால், நிறுவனம் 2,419 ரூபாய் கட்டச் சொல்கிறது. போனில் பேசியவர் அதை 'அட்மின் சார்ஜ்' என்று சொன்னாராம். "வருஷம் முழுதுக்கும் பிரீமியம் கட்டிய பாலிசி. கம்ப்யூட்டரில் ஒரு பெயரைத் தட்டி மாற்ற இவ்வளவா? பாலிசியில் திருத்தம் செய்யக் கட்டணம் வாங்குவதே நியாயமா?" என்று கேட்கிறார். பாலிசியின் முதல் பக்கத்தில் உள்ள கணக்கையும் கொடுத்திருக்கிறார். அது பெரிய உதவி.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவரிடம் கேட்ட தொகை உண்மையிலேயே நிர்வாகக் கட்டணம்தானா என்பது ஒன்று. நிர்வாகக் கட்டணம் என்ற ஒன்றை இன்சூரன்ஸ் நிறுவனம் வாங்கலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டாவதில் சட்டம் எதுவரை பேசுகிறது என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் என் கருத்தை என் கருத்தாகவே சொல்கிறேன். நான் ஒரு பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைகளில் 31 வருஷம் வேலை பார்த்தவன். பெரும்பகுதி மோட்டார் அண்டர்ரைட்டிங், அதாவது பாலிசியை ஏற்று விலை போடும் வேலை, கடைசிச் சில வருஷம் க்ளெய்ம். ஆயுள் காப்பீடு என் துறை இல்லை. அதைப் பற்றிக் கீழே சொல்வது சட்டப் புத்தகத்தில் இருப்பது மட்டும்.

முதலில் அந்த 2,419 ரூபாய். நண்பர் கொடுத்த கணக்குப்படி வண்டிச் சேதத்துக்கான பிரீமியம், அதாவது ஓ.டி. பிரீமியம், 8,000 ரூபாய். அதில் பழைய உரிமையாளருக்கு என்.சி.பி., அதாவது நோ க்ளெய்ம் போனஸ், 50 சதவீதம் கழித்து 4,000 ரூபாய்தான் வாங்கியிருக்கிறார்கள். பாலிசி முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. என்.சி.பி. என்பது வண்டிக்குக் கொடுக்கும் தள்ளுபடி இல்லை. க்ளெய்ம் வாங்காமல் வருஷக்கணக்கில் ஓட்டிய ஆளுக்குக் கொடுப்பது. முதல் வருஷம் 20, பிறகு 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். வண்டியை விற்றாலும் அது விற்றவரோடு போய்விடும். அவர் தன் நிறுவனத்திடம் கடிதம் வாங்கி மூன்று வருஷத்துக்குள் வேறு வண்டிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆகவே வாங்கியவர் மீதி ஆறு மாதத்துக்கு அந்தத் தள்ளுபடியை அனுபவிக்க முடியாது. வருஷத்துக்கு 4,000 என்றால் அரை வருஷத்துக்கு 2,000. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 360. மொத்தம் 2,360 ரூபாய். நிறுவனம் கேட்ட 2,419-இல் இதைக் கழித்தால் மீதி 59. அதாவது 50 ரூபாய் கட்டணம், 9 ரூபாய் வரி.

ஆக, அவரிடம் கேட்ட நிர்வாகக் கட்டணம் வெறும் 50 ரூபாய்தான். மற்றதெல்லாம் என்.சி.பி. வித்தியாசம், அதன் மேல் வரி. போனில் பேசியவர் எல்லாவற்றையும் சேர்த்து 'அட்மின் சார்ஜ்' என்று சொன்னதுதான் குழப்பத்துக்குக் காரணம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் வாரம் ஒருவராவது "பேர் மாத்த ரெண்டாயிரமா?" என்று கோபத்தோடு வருவார். ஒரு வெள்ளைத் தாளில் மேலே சொன்ன கணக்கை எழுதிக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் கோபம் தணிந்துவிடும். பணம் போவதை விட, எதற்குப் போகிறது என்று தெரியாததுதான் மக்களைக் கொதிக்க வைக்கிறது. நண்பரே, இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் சமீபத்தில் உங்கள் பழைய காரை விற்றிருந்து, அதில் உங்களுக்கென்று என்.சி.பி. சேர்ந்திருந்தால், அந்தக் கடிதத்தைக் கொடுங்கள். பழைய உரிமையாளரின் 50 சதவீதத்துக்கும் உங்கள் சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் வாங்குவார்கள். உங்களுக்கும் 50 சதவீதம் இருந்தால் 59 ரூபாயோடு வேலை முடிந்துவிடும்.

அந்த 50 ரூபாய் எங்கிருந்து வந்தது? 2002-இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபில், அதாவது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான விலை, விதிப் புத்தகத்தில், பெயர் மாற்ற விதி ஒன்று இருக்கிறது. பழைய சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புதிய உரிமையாளர் பெயரில் புதிய சான்றிதழ் கொடுக்க 50 ரூபாய் வாங்க வேண்டும் என்று அது சொல்லியது. 2007 ஜனவரியில் ஓ.டி. விலைகளை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். டி.பி. எனப்படும் மூன்றாம் நபர் பிரீமியத்தை மட்டும் இன்றுவரை அரசு நிர்ணயிக்கிறது. ஆகவே இன்று உங்கள் நிறுவனம் எவ்வளவு கேட்கிறது என்பதை பாலிசி ஆவணத்தில்தான் பார்க்க வேண்டும். அதில் எழுதப்படாத ஒரு கட்டணத்தைப் போனில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. எங்கள் மொழியில் பாலிசித் திருத்தத்துக்கு எண்டார்ஸ்மெண்ட் என்று பெயர். அதில் மூன்று வகை உண்டு. பிரீமியம் கூடினால் எக்ஸ்ட்ரா, குறைந்தால் ரீஃபண்ட், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால் 'நில்', அதாவது பூஜ்யம். விலாசம், போன் நம்பர், நாமினி, பெயரில் எழுத்துப்பிழை, வங்கிக் கடன் முடிந்ததும் ஹெச்.பி. எனப்படும் கடன் குறிப்பை நீக்குவது எல்லாம் நில் எண்டார்ஸ்மெண்ட். கேஸ் கிட் போடுவது எக்ஸ்ட்ரா.

கட்டணம் வாங்கலாம் என்பவர்களின் வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு பெயரைத் தட்டுவது மட்டும் வேலை இல்லை. புதிய உரிமையாளர் என்றால் புதிய ஒப்பந்தம். புதிய பிரபோசல் ஃபாரம், கே.ஒய்.சி., விற்பனைக்கான ஆதாரம், பழையவரின் சம்மதம், என்.சி.பி. சரிபார்ப்பு, சில சமயம் வண்டியை நேரில் பார்ப்பது, பிறகு புதிய சான்றிதழ், அந்த விவரத்தை அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனுக்கு அனுப்புவது என்று வேலை நீளும். இதை யாராவது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். பத்து வருஷம் ஒரே வீட்டில், ஒரே வண்டியோடு, எந்தத் திருத்தமும் கேட்காமல் இருக்கும் ஒருவர், வருஷத்துக்கு மூன்று முறை திருத்தம் கேட்பவரின் செலவை ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். முப்பது லாரி வைத்திருந்த ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஒரே மாதத்தில் பதினோரு எண்டார்ஸ்மெண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் அவர்கள் வியாபார வசதிக்காகக் கேட்டவை.

ஆனால் இந்த வாதம் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறது. நிர்வாகச் செலவு ஏற்கெனவே பிரீமியத்துக்குள் இருக்கிறது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் மொத்தப் பிரீமியத்தில் 30 சதவீதம் வரை நிர்வாகத்துக்கும் கமிஷனுக்கும் செலவு செய்யலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வரம்பு வைத்திருக்கிறது. உடல்நலக் காப்பீடு மட்டும் செய்யும் நிறுவனங்களுக்கு அது 35 சதவீதம். அதாவது நாம் கட்டும் நூறு ரூபாயில் முப்பது ரூபாய் வரை பாலிசி விற்கவும், எழுதவும், பராமரிக்கவும் என்றே ஒதுக்கப்படுகிறது. ஒருவர் ஒரு வருஷத்தில் ஒரு முறை வீடு மாறுவதும், நாமினி மாற்றுவதும் எதிர்பாராத சம்பவம் இல்லை. வாழ்க்கை என்றால் அப்படித்தான் இருக்கும். விலை போடும்போதே அது கணக்கில் இருக்க வேண்டும்.

இதற்கும் மேலே எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இன்சூரன்ஸ் என்பதே இரண்டு தரப்பும் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்வதை நம்பி நிற்கும் ஒப்பந்தம். விலாசம் மாறியது, வண்டி கைமாறியது, கேஸ் கிட் போட்டது, வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தது, இதையெல்லாம் உடனே சொல் என்று நாம்தான் பாலிசியில் அச்சடித்துக் கொடுக்கிறோம். சொல்லாவிட்டால் க்ளெய்ம் கிடைக்காமல் போகும் என்றும் அச்சடிக்கிறோம். அப்படி ஒரு கடமையை அவர் தலையில் வைத்துவிட்டு, அதைச் செய்ய வந்து நிற்கும்போது காசு கேட்டால், "சரி, ரென்யூவலில் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் பத்தில் ஏழு பேர் போவார்கள். இந்தப் பத்தில் ஏழு என்பது நான் கவுன்டரில் பார்த்த அளவுதான், யாரும் எண்ணிச் சொன்னது இல்லை. ஆனால் அந்த வார்த்தையை நான் நூற்றுக்கணக்கான முறை கேட்டிருக்கிறேன்.

முன்பாவது ரென்யூவல் வருஷத்துக்கு ஒரு முறை வந்தது. 2018 செப்டம்பரிலிருந்து புது கார்களுக்கு மூன்று வருஷ டி.பி., புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து வருஷ டி.பி. கட்டாயம் என்று உச்ச நீதிமன்ற உத்தரவால் ஆகிவிட்டது. ஐந்து வருஷ பாலிசியில் 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் அது ஐந்து வருஷம் தள்ளிப் போகிறது.

அப்படித் தள்ளிப் போட்டதன் விலையை நான் 2019-இல் பார்த்தேன். ஒரு பெண்மணி, முப்பது வயதுக்குள் இருக்கும், மாமனாரோடு வந்திருந்தார். ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆர்.சி. கார்டு, பாலிசி, எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், எல்லாம் ஒழுங்காக மடித்து வைத்திருந்தார். கணவர் வாங்கிய பழைய பைக்கில் போகும்போது தானாகச் சறுக்கி விழுந்து இறந்துவிட்டார். எதிரே வேறு வண்டி இல்லை. ஆர்.சி. கணவர் பெயருக்கு மாறியிருந்தது. பாலிசி மட்டும் பழைய ஆள் பெயரிலேயே இருந்தது. பாலிசிக்குள் உரிமையாளர்-ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீடு இருந்தது. இருசக்கர வண்டிக்கு முன்பு ஒரு லட்சமாக இருந்த அந்தத் தொகை அப்போதுதான் 15 லட்சமாக உயர்ந்திருந்தது. ஆனால் அது கிடைக்க வேண்டுமானால் ஓட்டியவர் ஆர்.சி.யிலும் உரிமையாளராக இருக்க வேண்டும், பாலிசியிலும் அவர் பெயர் இருக்க வேண்டும். அது ஆளுக்கான காப்பீடு, வண்டியோடு சேர்ந்து கைமாறாது.

ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். வண்டி எடுத்துக் கொடுத்த கன்சல்டன்சியில் "இன்சூரன்ஸ் பேர் மாத்த முந்நூறு ரூபா ஆகும்" என்று சொன்னார்களாம். "அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் பண்ணிக்கிறேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் கட்டணம் 50 ரூபாய். முந்நூறு என்பது கன்சல்டன்சியின் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்தது. எந்த ரூபாய் யாருடையது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் 'இன்சூரன்ஸ்காரன் காசு கேட்கிறான்' என்பதுதான். அந்தப் பெண்மணியின் விண்ணப்பத்தை நான் மேலிடத்துக்குப் பரிந்துரையோடு அனுப்பினேன். விதிப்படி முடியாது என்று திரும்பி வந்தது. விதி அப்படித்தான் இருந்தது. அன்றிலிருந்து இந்தக் கட்டணத்தைப் பற்றி யார் 'அம்பது ரூபாதானே சார்' என்று சொன்னாலும் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆவது பிரிவின்படி வண்டி கைமாறிய நாளிலிருந்தே இன்சூரன்ஸ் சான்றிதழும் வாங்கியவருக்கு மாறிவிட்டதாகக் கருதப்படும். அவர் 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இதை மட்டும் படித்துவிட்டுப் பலர் 'தானாக மாறிவிடும்' என்று இருந்துவிடுகிறார்கள். தானாக மாறுவது மூன்றாம் நபருக்கான பகுதி மட்டும். நம் வண்டி மோதி வேறொருவர் அடிபட்டால் அவருக்கு நஷ்டஈடு போகும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதம் இதில் சேராது என்று கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸுக்கு எதிரான வழக்கு அது. ஓ.டி. பகுதி மாற வேண்டுமானால் வாங்கியவர் கேட்க வேண்டும், விற்றவர் சம்மதம் தர வேண்டும், நிறுவனம் மாற்றித் தர வேண்டும். அதுவரை விற்றவருக்கு வண்டியில் உரிமை இல்லை, வாங்கியவருக்கு ஒப்பந்தம் இல்லை. இடையில் வண்டி நொறுங்கினால் இருவருக்கும் கிடைக்காது.

கேஸ் கிட்டும் இதே கதைதான். டாரிஃபில் கிட்டின் மதிப்பில் 4 சதவீதம் ஓ.டி.க்கு, டி.பி.க்கு 60 ரூபாய் என்று இருந்தது. 40,000 ரூபாய் கிட் என்றால் 1,660 ரூபாய் கூடுதல் பிரீமியம். காப்பீட்டுச் சட்டம் 64வி.பி. பிரிவின்படி பணம் முன்கூட்டியே வந்தால்தான் நிறுவனம் பொறுப்பேற்க முடியும் என்பதால் இதைக் கட்டித்தான் ஆக வேண்டும். கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் பிரீமியம், இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அதற்கு மேலேயும் ஒரு நிர்வாகக் கட்டணம் வைப்பது தேவையற்றது. புது பிரீமியம் வருகிறது, அதிலும் நிர்வாகச் செலவுக்கான பங்கு உள்ளே இருக்கிறது.

கட்டணம் சின்னதுதானே என்பவர்கள் எந்த பாலிசியின் மேல் சின்னது என்று பார்க்க வேண்டும். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அரசு விலைப்படி 75-க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள பைக்குக்கு ஒரு வருஷ டி.பி. பிரீமியம் 714 ரூபாய். 18 சதவீதம் வரியோடு சுமார் 843. அதில் ஒரு நில் எண்டார்ஸ்மெண்டுக்கு நூறு ரூபாயும் வரியுமாக 118 வாங்கினால் பிரீமியத்தில் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. பத்து லட்ச ரூபாய் காரின் சொந்தக்காரருக்கும் அதே 118. இப்படித் தலைக்கு இவ்வளவு என்று வைக்கும் கட்டணம் எப்போதும் சின்ன பாலிசிக்காரனைத்தான் அதிகமாக அழுத்தும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஒருவருக்கு ஆதாரில் 'எஸ். முருகன்', பான் கார்டில் 'சுப்பையா முருகன்', ஆர்.சி.யில் 'முருகன் எஸ்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் புது பாலிசிக்கும் கே.ஒய்.சி. கட்டாயமானதும் இந்தப் பொருத்தமின்மை எல்லாம் மேலே வந்துவிட்டது. நாலு அரசு ஆவணத்தில் நாலு மாதிரி பெயர் இருப்பது அந்த மனிதரின் தவறு இல்லை. பெயரைப் பிரித்து எழுதத் தெரியாத படிவங்களின் தவறு. இந்தத் திருத்தத்துக்குக் காசு வாங்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிறுவனமோ டீலரோ சேஸிஸ் நம்பரைத் தப்பாக அடித்துவிட்டு அதைத் திருத்தப் பணம் கேட்டால், கொடுக்கவே கூடாது. அது அவர்கள் வேலையை அவர்களே சரிசெய்வது.

ஆயுள் காப்பீட்டில் இந்தக் கட்டணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆவது பிரிவில், நாமினியை மாற்றவோ நீக்கவோ பதிவு செய்தால் ஒரு ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். 2015 திருத்தத்தில் அந்த ஒரு ரூபாய் போய், ஒழுங்குமுறைகளில் சொல்லும் கட்டணம் என்று ஆனது. சட்டத்தின் போக்கைக் கவனியுங்கள். கட்டணமே கூடாது என்று அது சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு என்று நிர்ணயிக்கும் அதிகாரத்தை நிறுவனத்தின் கையிலும் விடவில்லை. எனக்கு இந்த அணுகுமுறை பிடிக்கும். மோட்டாரிலும் உடல்நலத்திலும் இப்படி எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான ஒரு வரம்பு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எல்லாக் கட்டணமும் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தொலைந்துபோன ஆயுள் பாலிசிப் பத்திரத்துக்கு நகல் கேட்டால் அதற்கு முத்திரைத்தாள் செலவு மறுபடி இருக்கிறது. ஆயிரம் ரூபாய் காப்பீட்டுத் தொகைக்கு 20 பைசா கணக்கில் பத்து லட்ச ரூபாய் பாலிசிக்கு 200 ரூபாய் அரசுக்கே போகிறது. அதைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை. யூலிப் எனப்படும் முதலீட்டோடு சேர்ந்த ஆயுள் பாலிசி வைத்திருப்பவர் பங்குச் சந்தையைப் பார்த்துப் பார்த்து ஃபண்டை மாற்றிக்கொண்டே இருந்தால், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் கட்டணம் வைப்பது சரிதான். அது அவர் விரும்பிச் செய்யும் முதலீட்டுத் தேர்வு. நான் சொன்ன டிரான்ஸ்போர்ட் கம்பெனி மாதிரி இடங்களிலும் வாங்கலாம். திருத்தம் யாருடைய வசதிக்காக என்று கேட்டால் எனக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடுகிறது. பாலிசிதாரர் தன் வசதிக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டால் செலவை அவர் கொடுக்கட்டும். நிறுவனத்தின் பதிவேட்டில் உண்மை இருக்க வேண்டும் என்பதற்காக வந்து சொன்னால் இலவசமாகச் செய்து கொடுத்து, வந்ததற்கு நன்றியும் சொல்ல வேண்டும். பெயர் மாற்றம் இரண்டுக்கும் நடுவில் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். வேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் 15 லட்சம் இழந்த அந்தக் குடும்பத்தைப் பார்த்த பிறகு நான் அதை இலவசப் பக்கத்தில்தான் வைப்பேன்.

கண்ணுக்குத் தெரியும் ஐம்பது ரூபாயைப் பற்றி இவ்வளவு பேசும்போது, கண்ணுக்குத் தெரியாமல் பல வருஷம் போன பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலிசியை நடுவில் ரத்து செய்தால் மீதி நாளுக்கான பணம் அப்படியே திரும்பி வரும் என்று மக்கள் நினைத்தார்கள். எங்களிடம் 'ஷார்ட் பீரியட் ஸ்கேல்' என்று ஒரு அட்டவணை இருந்தது. ஒரு மாதம் வரை ஓடியிருந்தால் வருஷப் பிரீமியத்தில் 20 சதவீதத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் வரை 30, மூன்று வரை 40, நாலு வரை 50 என்று ஏறும். எட்டு மாதம் தாண்டினால் ஒன்றுமே திரும்பாது. 9,000 ரூபாய் ஓ.டி. பிரீமியம் கட்டியவர் நூறாவது நாளில் ரத்து செய்தால் 4,500 ரூபாய் பிடிக்கப்பட்டது. நாள் கணக்குப்படி பார்த்தால் 2,466 ரூபாய்தான் பிடிக்க வேண்டும். மீதி 2,034 ரூபாய்க்கு நிர்வாகக் கட்டணம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, ஆகவே யாரும் சண்டைக்கும் வரவில்லை. நானே என் கையால் இந்த அட்டவணைப்படி எத்தனையோ ரீஃபண்ட் போட்டிருக்கிறேன். அது விதி. ஆனாலும் அது சரியில்லை என்று அப்போதே தோன்றியது. 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட பொதுக் காப்பீட்டு மாஸ்டர் சுற்றறிக்கை இதை மாற்றியது. காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் பாலிசிதாரர் ரத்து செய்யலாம். ஒரு வருஷம் வரையான பாலிசியில் க்ளெய்ம் எதுவும் வாங்கியிருக்காவிட்டால் மீதி நாளுக்கு விகிதப்படி திருப்பிக் கொடுக்க வேண்டும். என் பார்வையில் சமீப வருஷங்களில் பாலிசிதாரருக்குக் கிடைத்த பெரிய நியாயங்களில் இது ஒன்று. (வண்டிக்கு டி.பி. காப்பீடு சட்டப்படி கட்டாயம் என்பதால், வேறு பாலிசி எடுக்காமல் அந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்துவிட்டு வண்டியை ஓட்டக் கூடாது. இதை மறந்துவிட வேண்டாம்.)

அதே வருஷம் ஆயுள், உடல்நலக் காப்பீட்டில் ஃப்ரீ லுக் காலத்தையும் 30 நாள் ஆக்கினார்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால், அதுவரை இருந்த பாதுகாப்புக்கான பங்கு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத்தாள் செலவு, இவற்றை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். நிஜமாகச் செலவானதை மட்டும் எடு என்பதுதான் இதற்குள் இருக்கும் நியதி. எண்டார்ஸ்மெண்டுக்கும் இதே அளவுகோலை வைத்தால் நண்பரின் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

சரி, இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும். முதலில் அந்த 2,419 ரூபாயைப் பிரித்து எழுதித் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். என்.சி.பி. வசூல் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று மூன்று வரி போதும். ஆனால் பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள். வண்டி கைமாறிப் பத்து நாள் ஆகிவிட்டது, 14 நாளில் நான்குதான் மீதி. பிரபோசல் ஃபாரம், விற்றவரின் சம்மதக் கடிதம், வண்டி உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 நகல்கள், ஆர்.டி.ஓ.வில் கட்டிய ரசீது, பழைய பாலிசி, உங்கள் ஆதார், பான் நகல்கள், எல்லாவற்றையும் நாளைக் காலையே கிளையில் கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கிளை தூரம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை நிறுவனத்தின் கவுன்டரிலோ அதன் சொந்தத் தளத்திலோ கட்டுங்கள். இடையில் யாராவது சர்வீஸ் சார்ஜ் கேட்டால் அது நிறுவனத்தின் கட்டணம் இல்லை, அவர் தன் உழைப்புக்குக் கேட்பது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். புதிய சான்றிதழ் வந்ததும் உங்கள் பெயர், சேஸிஸ் நம்பர், உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு, அதில் நாமினி பெயர், இந்த நான்கையும் படித்துப் பாருங்கள். விபத்துக் காப்பீட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று சொன்னால் கட்டிவிடுங்கள். அதில் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பிரித்துக் கொடுத்த கணக்கில் பாலிசியில் இல்லாத கட்டணம் ஏதாவது இருந்தால், கட்டும்போதே 'ஆட்சேபணையோடு கட்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவர், அலுவலகம் இருக்கிறது. பிரீமியம் பற்றிய தகராறும், பாலிசி சேவை பற்றிய குறையும் அவர் அதிகாரத்துக்குள் வருபவை. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 59 ரூபாய்க்காக ஆம்பட்ஸ்மேன் வரை போவதா என்று யோசிக்காதீர்கள், இந்தத் தொகையில் புகார் போகாததால்தான் இது இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. ஆனால் முதலில் பெயரை மாற்றிவிடுங்கள், சண்டையை அப்புறம் போடலாம். அதுவரை முடிந்தால் வண்டியை வெளியூருக்கு எடுக்க வேண்டாம்.